ஐந்தாவது ஆள்

அந்தக் கால்பந்து அணியின் துணைக் கோச்சுக்கு வீரர்கள் வைத்திருந்த பெயர் ஸ்டெப்னி. தலைமைக் கோச் பஞ்சர் ஆகும்போதெல்லாம் முதலாளி அவரைக் கழற்றி எறிந்துவிட்டு இவரை மாட்டுவார். புது டயர் வந்ததும் இவர் மறுபடி டிக்கிக்குள் போய்விட வேண்டும். அந்த ஒரு சீசனில் மட்டும் மூன்று தடவை இப்படி ஆயிற்று. வேறு யாராக இருந்தாலும் மானம் போகிறதே என்று வேலையை உதறியிருப்பார்கள். ஸ்டெப்னி உதறவில்லை. அடுத்தவனுக்கு மானம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதிலேயே அவருக்குப் பொழுது போய்விட்டது.

யாரையும் மதிக்காத மனுஷன். சீசனின் முதல் கோச் மடிக்கணினியைத் திறக்காமல் வாயைத் திறக்கமாட்டார். "மைதானம் கண்ணு முன்னாடி கெடக்கு, இந்தாளு ஸ்கிரீனப் பாத்து பந்தத் தேடுறான்" என்று அவர் காதுபடவே சொன்னார் ஸ்டெப்னி. இரண்டாமவர் வீரர்களைப் புல்லில் படுக்கவைத்து, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார். "ஆட்டத்துலயே நல்லாத் தூங்குறானுங்க. இதுக்குத் தனியா பயிற்சி வேறயா?" மூன்றாமவர் முதலாளியின் மச்சினனுக்குக் கூட்டாளி. அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கேன்டீன் மேசையில் உப்பு டப்பாவையும் டீ டம்ளர்களையும் நகர்த்திக் காட்டவேண்டி வந்தது. எல்லாம் முடிந்தபின் அவர் உப்பு டப்பா எந்த அணி என்று கேட்டார்.

முதலாளிக்குத் தரை ஓட்டுத் தொழிற்சாலை. எதிராளி பக்கத்துக் கோல் போஸ்ட்டைக் கொஞ்சம் அகலமாக வைக்க விடுவார்களா என்று ஒருமுறை உண்மையாகவே விசாரித்தவர். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் தான் ஒருவன்தான் விவரமுள்ளவன் என்று ஸ்டெப்னி நினைத்துக்கொண்டதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் அவருடைய இளக்காரத்தில் பெரும்பங்கைத் தங்கை புருஷனுக்கென்றே எடுத்து வைத்திருந்தார்.

அவனும் அதே அணிதான். லெஃப்ட் பேக். வேறு நாட்டில் பிறந்து, பத்து வருஷம் முன்னால் இங்கே விளையாட வந்து, வந்த இடத்தில் ஸ்டெப்னியின் தங்கையைக் கட்டிக்கொண்டவன். மொழியைக் கற்றுக்கொண்டான், கடைக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்கு, குறுக்கே வண்டி விடுகிறவனைத் திட்டுகிற அளவுக்கு. மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்து படுக்கையை மாற்றியவன் அவன்தான். குடியுரிமை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. விண்ணப்பம் எந்த அதிகாரியின் மேசையில் தூங்குகிறதோ தெரியாது.

ஸ்டெப்னி ஒருநாள்கூட அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது கிடையாது. மைதானத்தில் "டேய் லெஃப்ட் பேக்". வீட்டில் அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே தங்கையிடம், "உன் ஆளு சாப்ட்டானா?"

"அண்ணா, அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பாள் தங்கை.

"வெளியாளுக்குக் காது கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?"

அவனோ வாய் நிறைய மச்சான், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைக் கேட்டாலே ஸ்டெப்னிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த லீக்கில் ஒரு விதி உண்டு. ஒரே நேரத்தில் களத்தில் வெளிநாட்டு வீரர்கள் நான்கு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. நின்றால் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். சீசன் பாதியில் வேறோர் அணியின் கோச், மீசை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், ஆளை மாற்றுகிற அவசரத்தில் ஐந்தாவது வெளிநாட்டுக்காரனை இறக்கிவிட்டு, ஜெயித்த ஆட்டத்தைப் பறிகொடுத்தார். ஸ்டெப்னிக்கு அது கொண்டாட்டம். அடுத்த வாரம் லீக் கூட்டத்தில் நாலு பேர் பார்க்க மீசையின் முன்னால் போய்க் கையை விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். "இது ஒண்ணு. இது ரெண்டு. சின்னப் புள்ளைங்க கத்துக்கிறது இப்படித்தான்." மீசை அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

விதியைப் பாருங்கள், கடைசி ஆட்டம் அந்த மீசையின் அணியோடு வந்து மாட்டியது. ஸ்டெப்னியின் அணி ஜெயித்தால் லீக்கில் தங்கும், மீசை கீழ்ப் பிரிவுக்கு இறங்குவார். ஜெயிக்காவிட்டால் இறங்க வேண்டியது இவர்கள். மூன்றாவது கோச்சையும் துரத்திவிட்ட முதலாளி, தரை ஓட்டு மாதிரிகள் அடுக்கிக் கிடந்த தன் அறைக்கு ஸ்டெப்னியைக் கூப்பிட்டார்.

"ஜெயிச்சுக் குடுப்பா. அடுத்த சீசன் நீதான் ஹெட் கோச். சத்தியமா."

ஸ்டெப்னிக்கு அந்த நாற்காலி மேல் அப்படி ஓர் ஆசை. யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதில் உட்கார்ந்த ஒவ்வொருத்தனையும் கேலி பண்ணியே அந்த ஆசையை மறைத்து வைத்திருந்தார்.

ஆட்டத்தில் சென்டர் ஃபார்வர்ட், நடுக்களத்தில் இருவர், தடுப்பில் ஒருவர் என்று வெளிநாட்டுக்காரர் நால்வர் இறங்கினார்கள். தங்கை புருஷன் பெஞ்சில். இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. சென்டர் ஃபார்வர்டின் தோளில் தானாகவே பட்டு உள்ளே போன பந்து அது. அதற்கு அவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தையே சுற்றி வந்தான். "என்னமோ குறி பாத்து அடிச்ச மாதிரி" என்று முணுமுணுத்தார் ஸ்டெப்னி. இருந்தாலும் கோல் கோல்தான்.

ஆட்டம் முடியச் சற்று முன் உள்ளூர் லெஃப்ட் பேக்குக்குத் தசை பிடித்துக்கொண்டது. பிரசவ வலி வந்தவன்போல் புல்லில் உருண்டான். மீசையின் ஆட்கள் அந்தப் பக்கமாகவே அலை அலையாக வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டெப்னி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர் கண்ணில் படாமலிருக்கக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் மட்டும் பதறாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலும் அவன் இப்படித்தான் இருந்தான் என்று அந்த நேரம் பார்த்து ஸ்டெப்னிக்கு ஞாபகம் வந்தது. நம்பி அனுப்ப நம்ம ஆள் ஒருத்தன் இருக்கிறானே என்று மனசு குளிர்ந்துவிட்டது. வாய் தன்னாலே சொன்னது.

"எறங்குங்க மாப்பிள்ள."

அவன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு ஓடினான்.

எண் பலகையைத் தூக்கிப் பிடித்த நடுவரும் எண்ணிப் பார்க்கவில்லை, பெஞ்சில் ஒருத்தரும் எண்ணவில்லை. கோல்கீப்பரைத் தாண்டிப் போன ஒரு பந்தை மாப்பிள்ளை கோட்டின் மேல் நின்று நெஞ்சால் தடுத்து வெளியே தள்ளினான். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. ஸ்டெப்னி ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து, வியர்வை வழிந்த நெற்றியில் முத்தமே கொடுத்துவிட்டார். மேலே இருக்கையில் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

மீசை அவசரப்படாமல் நடந்து வந்தார். நடுவரிடம் ஏதோ சொன்னார். பிறகு ஸ்டெப்னியின் எதிரில் நின்று, கையை விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கினார். சென்டர் ஃபார்வர்ட். நடுக்களத்துக்காரர் இருவர். தடுப்பாட்டக்காரன். கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை மீசை மடக்கவில்லை, மாப்பிள்ளை இருந்த பக்கமாகத் திருப்பினார்.

ஸ்டெப்னியும் அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்.

இருட்டுவதற்குள் லீக் அதிகாரிகள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மீசைக்கு. இவர்கள் கீழே. முதலாளி போனில் கத்தக்கூட இல்லை. "ஸ்டெப்னியே பஞ்சர் ஆயிருச்சேப்பா" என்று வைத்துவிட்டார்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் போன பிறகு இருவர் மட்டும் மிஞ்சினார்கள். ஈரத் துண்டுகள் தரையில் கிடந்தன. ஸ்டெப்னி ஒன்றைக் காலால் எத்திவிட்டுத் தங்கை புருஷன் மேல் பாய்ந்தார்.

"நான்தான் புத்தி கெட்டுப்போய்க் கூப்ட்டேன். உனக்கு எங்கடா போச்சு புத்தி? நீ வெளிநாட்டுக்காரன்னு உனக்கே தெரியாதா?"

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பத்து வருஷமா தெனமும் நீங்க ஞாபகப்படுத்திட்டே இருந்தீங்க மச்சான், அதனால மறக்கல. இன்னிக்கு மாப்பிள்ளன்னு கூப்ட்டீங்க. எனக்கும் மறந்து போச்சு."

ஸ்டெப்னி தான் எத்திவிட்ட துண்டைக் குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டார். பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே தங்கை கதவைத் தட்டினாள். "அண்ணா, உள்ள யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றார் ஸ்டெப்னி. "நானும் மாப்பிள்ளையும்."