பழுப்பு பம்பில் நூற்றுப் பன்னிரண்டு

"சிலோனை ரெண்டு மாசத்துக்கு வேலைக்கு விடக்கூடாதுண்ணே. சின்னப்புள்ளகூட மேல ஏறக்கூடாது."

எந்தக் குதிரைக்காரரிடமும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே பிரபாகரன் சார் சொல்லியிருந்தார். ராமநாதபுரத்தில் அவர் நடத்தும் கால்நடை கிளினிக்கில் நான் உதவி மருத்துவர். "ஊசி போடு, மருந்து எழுது, ரெண்டு வார்த்தை திட்டக்கூடச் செய். ஓய்வு மட்டும் கேக்காத. கேட்டா அவன் அடுத்த டாக்டரத் தேடிப் போயிருவான்." எட்டு மாதம் கேட்காமல்தான் இருந்தேன்.

பிரடெரிக் அண்ணன் சிரித்தார். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். படகு கரையில் கிடக்கும் நாட்களில் தனுஷ்கோடி மணலில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவிடுவார். சிலோன் அவருடைய ஒரே குதிரை. பெட்டை, பன்னிரண்டு வயது.

"ஏம்மா டாக்டரம்மா, இது மே மாசம். பள்ளிக்கூடம் லீவு. கடலுக்கும் தடை, போட்டெல்லாம் பாம்பன்ல கட்டிக் கெடக்கு. இப்பக் குதிரைக்கும் தடை போட வந்தீகளா?"

"ஆமாண்ணே. மீனுக்கு ரெண்டு மாசம் விடுறீகள்ல, அப்படி நெனச்சுக்கங்க."

"மீனுக்குத் தடை போட்டா கவர்மெண்டு நிவாரணம் குடுக்குது. குதிரைக்கு யாரு குடுப்பா? உங்க கிளினிக்கா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஹெலன் அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

அன்று என்னை அனுப்பியதே ஒரு சான்றிதழுக்காகத்தான். கடற்கரையில் சவாரி விடும் அனுமதியைப் புதுப்பிக்க, குதிரை வேலைக்குத் தகுதியானது என்று மருத்துவர் எழுதித் தரவேண்டும். சார் அந்தப் படிவத்தில் குதிரையின் பெயர், வயது, நிறம் எல்லாம் நிரப்பி வைத்திருந்தார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கீற்றுக் கொட்டகைக்குள் சிலோன் கழுத்தை முன்னால் நீட்டி நின்றது. மூக்குத் துளைகள் விரிந்திருந்தன. ஒவ்வொரு மூச்சை வெளியே தள்ளும்போதும் வயிறு இரண்டு முறை இறுகியது. மாதக்கணக்கில் இப்படித் தள்ளித் தள்ளியே விலாவுக்குக் கீழே தசை கயிறு மாதிரி புடைத்து நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு போதும் அதற்கு. நாற்பத்து நான்கு இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு இது கடுமையான ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு இன்ஹேலர் மருந்து எழுதியிருந்தேன். நீல பம்பு, இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்க. பழுப்பு பம்பு, குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தை ஆற்ற. நீலம் ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும், சில மணி நேரத்தில் விட்டுவிடும். பழுப்பு வேலை செய்வது கண்ணுக்கே தெரியாது, வாரக்கணக்கில் விடாமல் கொடுத்தால்தான் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வைத்தியம். குதிரைக்கான முகமூடி இங்கே எங்கே கிடைக்கும்? தண்ணீர் கேனின் அடியை அறுத்து, விளிம்பில் ஸ்பாஞ்சு ஒட்டி, மூக்கில் கவிழ்ப்பதற்கு நானே ஒன்று செய்துகொடுத்தேன். பூஞ்சை வைக்கோலைத் தூரப் போடுங்கள், தீவனத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் போடுங்கள் என்றும் சொன்னேன்.

கேன் ஆணியில் தொங்கியது. அதே வைக்கோல் மூலையில் கிடந்தது. பக்கத்துச் சாக்கில் தீர்ந்துபோன நீல பம்புகள் ஏழு. பழுப்பு ஒன்றே ஒன்று. அதன் முதுகில் எத்தனை தடவை மருந்து மிச்சம் என்று காட்டும் சின்னக் கண்ணாடி இருக்கும். நூற்று இருபதில் தொடங்குவது. நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

"எட்டே எட்டு. ஒரு வேளைதான் குடுத்துருக்கீக."

"அத அடிச்சு என்னத்தக் கண்டோம்? மரம் மாதிரி நின்னுச்சு. நீலத்த அடிச்சாத்தான் குதிரை குதிரையா நிக்கிது. காலையில இஞ்சினுக்குச் சோக்கு இழுக்குறோம்ல, அது மாதிரி. ஒவ்வொரு சவாரிக்கும் முன்னாடி ஒரு எட்டு."

"ஒவ்வொரு சவாரிக்குமா?"

"பெறகு? ஸ்டார்ட் ஆவணும்ல."

"அண்ணே, இது இஞ்சின் இல்ல. நீலம் கதவத் தொறந்து விடுது. உள்ள வெந்துகிட்டிருக்குற புண்ணு மேல நீங்க மணலையும் தூசியையும் அள்ளிக் கொட்டுறீக. போகப் போக நீலமும் கேக்காது."

"கேக்காதா? பாருங்க." கேனை எடுத்து மூக்கில் கவிழ்த்து எட்டு முறை அழுத்தினார். கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி கொளுத்தியவர் நிற்பதுபோல் நின்றார்.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. வயிறு அப்படியேதான் இறுகித் தள்ளியது. அவர் இன்னொரு எட்டு அழுத்தினார். நான் கையைப் பிடித்துத் தடுக்கும்முன் மேலும் நான்கு. சிலோனுக்குத் தோளில் வியர்த்துக் கொட்டியது, பின்கால் தொடை துடித்தது, ஆனால் மூச்சு இறங்கவில்லை. ஒருமுறை இருமி, முன்கால் மடங்கி, மறுபடி ஊன்றிக்கொண்டது.

"ஏலே, பம்பத் தூரப் போடு!" என்று ஹெலன் அக்கா கத்தினார். கட்டின புருஷனை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிறகு என்னிடம் திரும்பினார். "பழுப்பு வேணாம்னு உங்க பெரிய டாக்டருதான் போன்ல சொன்னாரு. அது ஸ்டீராய்டு, குளம்பு வெந்து லாடம் கழண்டுரும்னாரு. நாங்களா ஒண்ணும் நிப்பாட்டல."

ரத்தத்தில் ஏறும் ஊசியைத் தினமும் போட்டால் அந்தப் பயம் உண்டு. மூச்சில் போகும் பழுப்பு உடம்புக்குள் பெரிதாகப் பரவாது, அதற்காகவேதான் பம்பாக எழுதினேன். சாருக்கு இது தெரியாமல் இல்லை. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுக் குதிரைக்காரர் மிரண்டார், வாடிக்கை போய்விடக்கூடாதென்று சார் வேண்டாம் என்றுவிட்டார். அவ்வளவுதான்.

பையைத் திறந்து, கழுத்து நரம்பில் அதே வகை ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டேன். இன்றைக்கு ஒரு நாள் உயிரைப் பிடித்துவைக்க வேறு வழியில்லை. மணிக்கணக்காகும் கேட்க. கேட்காமலும் போகலாம். அதையும் அவர்களிடம் சொன்னேன்.

என் அய்யா முனியசாமி நயினார்கோவில் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர். அவருக்கும் ஆஸ்பத்திரியில் இரண்டு பம்பு கொடுத்தார்கள். அவரும் பழுப்பை மாடத்தில் வைத்துவிட்டு நீலத்தை மடியில் கட்டிக்கொண்டு புகைக்குள் போவார். நான் அப்போது கால்நடை மருத்துவம் இரண்டாம் வருடம், பாடத்தில் இதே மருந்துகளைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். மூட்டத்தை விடச் சொல்லு என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "வேலைய விடச் சொல்லி மட்டும் அவருகிட்டக் கேட்றாத, நீ படிக்கவேணாமா?" என்றாள். எனக்குப் படிக்கவேண்டியிருந்தது. கேட்கவில்லை. ஒருநாள் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே செத்து விழுந்து கிடந்தார். நீல பம்பு கையில் இருந்தது.

படிவத்தை எடுத்தேன். 'தகுதியானது' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, 'வேலைக்குத் தகுதியற்றது. கடுமையான ஆஸ்துமா. இரண்டு மாதம் முழு ஓய்வு, இரு மருந்தும் சேர்ந்த சிகிச்சை' என்று எழுதினேன். கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டேன். படம் பிடித்து, படிவத்தின் அடியில் இருந்த, அனுமதி தரும் அதிகாரியின் எண்ணுக்கு அனுப்பினேன். அடுத்ததாக அந்தப் பழுப்பு பம்பின் முதுகையும்.

பிறகுதான் சாரைக் கூப்பிட்டேன்.

"சேதுலட்சுமி, மூளை இருக்கா உனக்கு? கிழிச்சுப் போட்டுட்டு வா. நான் எழுதிக்கிறேன்."

"எழுதுங்க சார். என் தாள் அதிகாரிக்குப் போயிருச்சு. பக்கத்துல உங்க தாளையும் வச்சுப் பாக்கட்டும்."

"கரிமூட்டத்துலேருந்து வந்த புள்ளைன்னு பாவம் பாத்து வேலை குடுத்தேன் பாரு. நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

"வரலை சார்."

பிரடெரிக் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்கு இந்த வேலை இல்லாட்டி இன்னொரு வேலை. படிச்சிருக்கீக. நாங்க கடல் தொறக்குற வரைக்கும் என்னத்தத் திங்கிறது? அதையும் அந்தத் தாள்ல எழுத வேண்டியதுதான?"

பழுப்பு பம்பை ஹெலன் அக்கா கையில் வைத்தேன். "காலையில எட்டு, சாயங்காலம் எட்டு. அதுக்கு முன்னாடி நீலம் நாலே நாலு, நாளையிலேருந்து. நனைக்க நல்ல தண்ணி இல்லேன்னா வைக்கோலே போடாதீக, பச்சப்புல்லு அறுத்துப் போடுங்க."

அவர் அதை வாங்கிக்கொண்டார், ஆனால் கண்ணில் கோபம்தான். "ரெண்டு மாசம்னு சொல்லிட்டுப் போறிய. அதுக்குள்ள செத்துட்டா?"

"செத்தா நின்ன எடத்துல சாகட்டும்க்கா. ஆளச் சொமந்து ஓடிக்கிட்டே சாகவேணாம்."

கொட்டகைக்குள் அதன் இருமல் மறுபடி தொடங்கியது. பையின் ஜிப்பை இழுத்து மூடி, படலைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். கடற்கரைக்குப் போகும் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.