ஏழு எண்ணும் நேரம்

ஐயாதுரை செம்பிலிருந்த பன்னீரைத் தெளித்தபோது ஞானபாக்கியத்தின் உதடுகள் தாமாகவே எண்ணத் தொடங்கின. ஒன்று, இரண்டு. மூன்று எழுமுன், பெட்டிக்குள் கிடத்தப்பட்டிருந்த கணவர் பொன்னுராஜின் மார்பின்மேல் விரித்த வெண்துணி ஈரம் முழுவதையும் குடித்துவிட்டது.

"நம்ம தறியில ஓடுனதுதாம்மா," என்றார் ஐயாதுரை. இருபத்தாறு ஆண்டுகளாகத் தறிக்கூடத்தை மேற்பார்த்துவந்தவர். "வியாழக்கெழம காலையில மொதலாளியே தண்ணியில போட்டுப் பாத்து, சரின்னு சொன்ன துணி. அதான் இதையே கொண்டாந்தேன்."

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து விற்ற மனிதர் பொன்னுராஜ். ஒவ்வொரு துணிப் பாரத்திலும் ஒரு சாண் வெட்டிப் பித்தளைப் பாத்திரத்துத் தண்ணீரில் இடுவார். பத்து எண்ணுவதற்குள் அது மூழ்கியாக வேண்டும். மிதந்தால், நெய்வதற்கு நூலில் ஏற்றிய கஞ்சி முழுவதும் போகவில்லை என்று பொருள். மறுபடி வெளுக்கத் திருப்பி அனுப்பிவிடுவார். "வெறப்பா நிக்கிற துணி காயத்துக்கு ஆகாதுலே," என்பது அவர் வாய்ச்சொல். எண்ணிப் பார்க்கும் வழக்கம் நாளடைவில் தறிக்கூடத்தைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்தது. பால் பொங்குவதை எண்ணுவார். போதகரின் ஜெபம் நீண்டால் கண்ணை மூடியபடியே எண்ணி, ஆமென் சொன்னதும் மனைவியின் காதருகே குனிந்து, "இருநூத்திப் பத்து," என்பார்.

பந்தலின் ஓரத்தில் ஓசையின்றி ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டை கட்டிய நடுவயது மனிதர் ஒருவர் கையில் கோப்போடு சிரித்த முகமாக இறங்கினார். பெட்டியைக் கண்டார். சிரிப்பு எங்கே போவதென்று அறியாமல் முகத்திலேயே சற்று நின்று, பின் அவிந்தது.

"நல்லாருக்கே கூத்து!" என்றாள் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள். "மனுசன் பெட்டியில ஏறியாச்சு. இப்பத்தான் காரு வருதாக்கும்!"

பெங்களூரிலிருந்து முந்தின நாள் வந்து சேர்ந்திருந்த மகன் ஜோயல் விரைந்து வாசலுக்குப் போனான்.

"யாருங்க நீங்க?"

"வைகுண்டராஜுங்க. மதுரை ஷோரூம்லருந்து. சார்தான் சனிக்கெழம பத்து மணிக்கு வண்டிய வீட்டுக்கே கொண்டாரச் சொன்னாங்க. ரெண்டு நாளா போன் போகல. நான் வேற..." அவர் கோப்பை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க சார்."

"சரி, எடுத்துட்டுப் போங்க. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"ஏலே ஜோயலு," என்றாள் ஞானபாக்கியம், இருந்த இடத்திலிருந்தே. "அவிய வரச்சொல்லி வந்தவரு. நெழல்ல உக்காரச் சொல்லு. தண்ணி குடு."

காரை அவள் அறிவாள். பத்து நாளைக்கு முன் மதுரையில் அது ஒரு நீலக் காரின் அருகே நின்றுகொண்டிருந்தது. இரண்டும் சிறிய சொகுசுக் கார்கள், அயல்நாட்டுப் பிறப்பு, விலையிலும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். வைகுண்டராஜ் குதிரைத்திறனையும் கூரைக் கண்ணாடியையும் விரித்துரைத்தார். பொன்னுராஜோ தண்ணீர் ததும்பத் ததும்ப நிரப்பிய எவர்சில்வர் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு வேகத்தடைகளின்மேல் இரண்டையும் ஓட்டச் சொன்னார். கொண்டுபோயிருந்த துணிப் பாரத்தை டிக்கியில் ஏற்றிப் பார்த்தார். பின்சீட்டின் நடுவே புடைத்த மேட்டைக் காட்டி, "இங்கன உக்காருறவன் காலை எங்கிட்டு வைப்பான்?" என்றார்.

ஆனால் அவர் உள்ளம் சென்ற இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நீலத்தின் முகப்பை அவர் உள்ளங்கை மூன்று முறை தடவியது. முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் தமக்கென்று ஒரு பொருளின்மேல் அந்தக் கை அப்படிப் போய் அவள் கண்டதில்லை.

கடைசியாகச் சொன்னார்: "ஞானம், ரெண்டுலயும் ஏறி எறங்கு. நான் எண்ணுதேன்."

நீலத்தின் இருக்கை கிணறுபோல் தாழ்ந்திருந்தது. எழும்போது இரு முழங்கால்களிலும் தீ ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இருபது வயதுக்காரிபோல் இறங்கினாள். ஏழு. வெள்ளையின் இருக்கை சற்றே உயரம். அதிலும் அதே விரைவைக் காட்டினாள். ஏழு.

"ரெண்டும் ஏழா?" என்று சிரித்தவர், சிரிப்பு ஓய்ந்த பிறகும் அவளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் மாலை காப்பித் தம்ளரை வாங்கும்போதும் கேட்டார்: "நெசமாவே ரெண்டும் ஒண்ணுதானா ஞானம்?"

"ஒண்ணுதான். ஒங்களுக்குப் பிடிச்சத வாங்குங்க."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது காப்பி அப்படியே இருந்தது. அவரிடம் மூச்சு இல்லை.

ஆக, இருவருக்கும் இடையே எஞ்சிய கடைசிச் சொல் ஒரு பொய். இரண்டு நாளாக அவளை அழவும் விடாதது அதுதான். அதை நம்பியா போனார்?

தண்ணீர் குடித்த தம்ளரைத் திருப்பித் தரும் சாக்கில் வைகுண்டராஜ் அவளருகே வந்து குந்தினார்.

"அம்மா, ஒரு வார்த்த. சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லுங்கய்யா."

"போன புதன்கெழம சார் போன் பண்ணாங்க. நீலத்தையும் சேத்துக் கொண்டாரட்டான்னு கேட்டேன். அவங்களுக்கு அதுமேலதான ஆசை. 'வேண்டாம்ப்பா, அதுல அவ பல்லக் கடிச்சத கண்ணாடியில பாத்துட்டேன்'னாங்க."

ஞானபாக்கியத்தின் கை பெட்டியின் விளிம்பைப் பற்றியது.

"வெள்ளைய மட்டும் எதுக்கு வீடு வரைக்கும்னு கேட்டேன். சிரிச்சாங்க. 'கடையில அவ கஞ்சியோட நின்னா. வீட்டு வாசல்ல நின்னா கஞ்சி போயிரும். அப்பம் எறங்கட்டும், எண்ணிக்கிடுதேன்'னாங்க. எனக்கு என்னா ஏதுன்னு புரியல. ஒங்களுக்குப் புரியும்னும் சொன்னாங்க."

 கணவரின் மார்பிலிருந்த துணியில் ஒரு சுருக்கம் கண்டு, அதை நீவிவிட்டாள். நீவி முடித்த இடத்தையே மறுபடியும் நீவினாள். அந்தத் துணியின்மேல் இப்போது விழுந்தவை பன்னீர்த்துளிகள் அல்ல. அவற்றை அவள் எண்ணவுமில்லை.

அடக்கம் திருவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில், அவர் தகப்பனாரின் பக்கத்தில். பெட்டி அமரர் ஊர்தியில் ஏறிற்று. உறவுப் பெண்களுக்காக ஜோயல் வேன் அமர்த்தியிருந்தான். அதன் முதற்படி அவள் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

"ஏட்டி, பொறத்தால புடிச்சுத் தூக்குங்க," என்று ஆவுடையம்மாள் இரண்டு பெண்களை ஏவினாள்.

"வேண்டாம். நான் அந்த வெள்ளக் கார்ல வாரேன்."

"ம்மா!" ஜோயல் குரலைத் தாழ்த்தினான். "விக்கிறதுக்குக் கொண்டுவந்த வண்டிம்மா அது. அப்பாவ எடுக்குற அன்னிக்குப் புதுக் கார் கேக்குதான்னு ஊர் பேசும்."

"பேசட்டும்யா. செத்த நேரம் பேசும், பொறவு அதது வேலையப் பாக்கும். ஒங்கப்பா எனக்குன்னு வரச்சொன்ன வண்டி. வந்து நிக்கிதுல்லா."

வைகுண்டராஜ் அதற்குள் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஊர்வலம் நகர எல்லையைக் கடந்தது. இடப்புறம் மலைத்தொடர் நீலம் பூத்து உடன்வந்தது. மணமான புதிதில் அவர்களிடம் ஒரு பழைய கார் இருந்தது, மூன்று கை மாறி வந்தது. அவள் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி உடைந்திருந்ததால் வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து இதே சாலையில் வருவார்கள். தொலைவில் அவள் பிறந்த ஊரின் கோபுரம் தலைகாட்டியதும், கீர்த்தனையை நிறுத்தி, "அந்தா, ஒங்க ஊரு வந்துட்டு," என்பார். பால்கோவாக் கடை முன்னே நிறுத்தி, சுற்றி வந்து கதவைத் திறந்து, ராணியை இறக்குவதுபோல் ஒதுங்கி நிற்பார். கைப்பிடியைச் சரிசெய்யச் சொல்லி அவள் கேட்காத வாரமில்லை. "பாப்போம்," என்பார். பதினோரு ஆண்டு கழித்து அந்தக் கார் விலைபோன நாளிலும் அது உடைந்தபடியேதான் இருந்தது.

வெள்ளைக் கார் மேடுபள்ளம் அறியாமல் சென்றது. தம்ளர் இருந்தால் ஒரு சொட்டும் சிந்தியிருக்காது. கோபுரம் தலைகாட்டியது. வண்டிக்குள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாயிலில் கார் நின்றது. பாடகர் குழு பாடத் தொடங்கியிருந்தது. வைகுண்டராஜ் திரும்பி, "அம்மா, அந்தக் கைப்பிடிய இழுத்தா தெறந்துரும்," என்றார்.

அவள் அதைப் பார்த்தாள். வெள்ளிபோல் மின்னிற்று, ஒடிவு ஏதுமில்லை. இரு கைகளையும் மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தாள்.

ஜோயல் கூட்டத்திலிருந்து திரும்பிப் பார்த்தான். காரைச் சுற்றி வந்தான். வெளியிலிருந்து கதவைத் திறந்து, ஒதுங்கி நின்றான்.

ஒன்று. வலக்காலைக் கைகளால் பற்றி வெளியே எடுத்து வைத்தாள். நான்கு, ஐந்து. கதவின் மேல்விளிம்பைப் பிடித்தாள். ஏழில் அவள் இன்னும் இருக்கையைவிட்டு எழவில்லை. பத்தில் முழங்காலில் தீ ஏற, "அம்மா," என்று வாய்விட்டு முனகினாள். ஜோயல் கையை நீட்டினான், பற்றிக்கொண்டாள். பாட்டின் முதலடி முடிந்து இரண்டாம் அடி பிறந்தது. பதினாறு. பதினேழு.

பத்தொன்பதில் அவள் இடது பாதம் செம்மண்ணில் ஊன்றிற்று.