மாமனார் வண்டி மிஸ் அடிக்கிறது

மாமனாரின் பழைய பிக்கப் மறுபடியும் கடை வாசலில் வந்து இருமியபோது, மெக்கானிக்குக்குக் கையிலிருந்த ஸ்பேனரை எங்கேயாவது வீசி எறியலாம் போலிருந்தது. ஊர்ப்பட்ட வண்டிகள் அவன் கை பட்டால் வாலைச் சுருட்டிக்கொள்ளும். இது மட்டும் அவனோடு ஜென்மப் பகை பாராட்டியது.

"இன்னைக்கும் மிஸ் அடிக்குது மாப்பிள்ளை," என்றார் மாமனார். "சரக்கு ஏத்திக்கிட்டு ஓடுறப்ப ஒண்ணும் இல்ல. இங்க வர்றப்பதான் இப்படி."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனுக்குச் சுருக்கென்றது. பெண்ணைக் கொடுத்த மனுஷன், வண்டியைக் கொடுக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அடுத்த தெருக் கடைக்குத்தான் ஓட்டிக்கொண்டு போனார். மருமகன் கைமேல் நம்பிக்கை இல்லை என்று தெருவே பேசியது. அவனும் அப்படியே நம்பி, உள்ளுக்குள் குமைந்தான். இப்போது அடுத்த தெருக்காரன் கையை முறித்துக்கொண்டு படுத்திருப்பதால்தான் வண்டி இங்கே வருகிறது. அவன் எழுந்து வந்து கடையைத் திறப்பதற்குள் இந்த இருமலை நிறுத்தாவிட்டால், மாமனார் அங்கேயே போய்விடுவார். பிறகு ஆயுசுக்கும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்.

வரும்போதெல்லாம் ஒரே கூத்துதான். சூட்டில் கை வைக்க முடியாது என்று எஞ்சினை ஆறவிட்டு, மாமனாருக்கு டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவான். பிளக்கை மாற்றினான். ஒயரை மாற்றினான். காயிலை மாற்றினான். கார்புரேட்டரைக் குடைந்து குடைந்து விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சம். மாற்றியதும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். "கொஞ்ச நாள் ஓட்டிட்டு, கொண்டாந்து காட்டுங்க மாமா," என்பான். கொண்டுவருவார்; இருமும். பானட்டைத் தூக்கினால் உள்ளே பளபளவென்றிருக்கும். பெரியவர் சுத்தக்காரர் என்று நினைத்தானே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை.

"பெட்ரோல் சரியில்ல," என்றான் வீட்டில்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தாலும், அவளுக்கும் கவலைதான். அப்பாவையும் விட்டுக்கொடுக்க முடியாது, புருஷனையும் விட்டுக்கொடுக்க முடியாது.

அடுத்த தடவை வண்டி வரவேண்டிய நாளன்று காலையில், ஆறிய எஞ்சின் கிளம்பும்போது எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்க அவனே மாமனார் வீட்டுக்குப் போனான். வாசலில் பானட் திறந்திருந்தது. மாமனார் ஒரு கையில் தண்ணீர்க் குழாயும் மறு கையில் சோப்புப் பிரஷுமாக எஞ்சினைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு தூரம்? கழுவிட்டு நானே கொண்டாந்திருப்பேனே."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? நீங்க கை வைக்கிற இடமாச்சே."

மெக்கானிக் குனிந்து பிளக்கைப் பார்த்தான். பழைய பிளக் மூடியின் இறுகிப்போன ரப்பர் வழியே தண்ணீர் பிளக் அடியில் போய்த் தேங்கியிருக்கிறது. கடை வரைக்கும் இருமியிருக்கிறது. டீ குடித்து முடிப்பதற்குள் அந்தச் சூட்டிலேயே உலர்ந்தும் போயிருக்கிறது. மாற்றிய சாமான் ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை.

"இப்படித் தண்ணி ஊத்தினா எந்த வண்டி மாமா ஒழுங்கா ஓடும்? அடுத்த தெருக் கடைக்கும் இப்படித்தான் குளிப்பாட்டிக் கொண்டு போனீங்களா?"

"அவனுக்கு எதுக்கு? சேறும் கிரீசுமா அப்படியே நிறுத்துவேன்." மாமனார் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "வீட்டு மாப்பிள்ளைகிட்ட அழுக்கைத் தொடைங்கன்னு எப்படிச் சொல்றது? அதுக்குக் கூசித்தானே இத்தனை வருஷமா அங்க போனேன்."

இத்தனை வருஷக் குமைச்சலை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அழுக்குதான் மாமா எனக்குப் பொழப்பு. கழுவாம கொண்டு வாங்க," என்றான். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான், அதட்டலாக வந்தது.

அடுத்த வாரம் வண்டி ஒரு செருமல்கூட இல்லாமல் வந்து நின்றது. பானட்டைத் தூக்கினான். உள்ளே எண்ணெயும் புழுதியும் அப்பிக்கிடந்தன. அவன் முழங்கை வரை உள்ளே விட்டபோது, மாமனார் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.