ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

எங்கள் பள்ளிக் கால்பந்து அணிகளுக்குப் பெயர் கொடுத்த பையன்களில் பத்தொன்பது பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்தான். கோச் லிண்ட்கிரன் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா இடில், உங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாள்தான் பிரசவம் பாப்பாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நாங்கள் இருந்த அகதி முகாமில் தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம், பதிவு எழுதுகிறவர் போட்டுக்கொடுத்த தேதி அது. எனக்கும் அதேதான்.

என் தம்பிக்குத் தேதியோடு வருஷமும் பொய், பெயரும் பொய். கூலேத் என்பது எனக்கு அடுத்துப் பிறந்து, இரண்டு வயதில் காய்ச்சலில் போன பிள்ளையின் பெயர். ரேஷன் அட்டையில் அவன் பெயரை அப்பா அடிக்கவில்லை. மறு வருஷம் இவன் பிறந்தான். புதுப் பெயர் சேர்க்க மாதக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும். இருக்கிற பெயருக்கு மாவும் எண்ணெயும் வந்துகொண்டிருந்தன. இவனை அந்தப் பெயரிலேயே விட்டுவிட்டார்கள். வீட்டில் இவனை யரே என்று கூப்பிடுவோம். சின்னவன் என்று அர்த்தம். பட்டப்பெயர் இல்லாத சோமாலியை இன்னும் நான் பார்த்ததில்லை என்பதால், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்படித்தான் பதிமூன்று வயதுப் பையன், காகிதத்தில் பதினாறாகி, மின்னசோட்டாவில் பதினோராம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். பாடம் புரியாததை எப்படியோ சமாளித்துவிடுவான். கால்பந்தில்தான் மாட்டிக்கொண்டான். ஒன்பதாவதுக்குத் தனி அணி, பத்தாவது வரைக்கும் இரண்டாம் அணி. பதினோராவது என்றால் முதல் அணியில் இடம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். முதல் அணிப் பையன்களில் பாதிப் பேருக்குத் தாடி இருக்கிறது. என் தம்பிக்குக் குரலே இன்னும் உடையவில்லை.

அப்பாவும் நானும் மூன்று வருஷம் முன்பே வந்துவிட்டோம். அம்மாவை நைரோபியில் விட்டுவிட்டு இந்த வருஷம் விமானம் ஏறிய நாளிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை. பந்து கிடைத்தால்தான் முகத்தில் களை வரும். "இடம் கிடைச்சிடும்ல, அக்கா?" என்று தினமும் காலையில் கேட்பான். நான் என்ன கடவுளா?

அம்மாவுக்கு அடுத்த மாதம் விசா நேர்காணல். அவளுடைய கோப்பிலும் மகன் கூலேத், வயது பதினாறு. "ஒரு எழுத்து மாறினாலும் உங்கம்மா அங்கேயே இருந்துடுவா. வாயத் திறக்கக் கூடாது, ரெண்டு பேரும்," என்று அப்பா சொல்லியிருந்தார்.

அணித் தேர்வின் மூன்றாம் நாள், கடைசி நாள். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. அணியின் தண்ணீர், ஐஸ், பட்டியல் எல்லாம் மூன்று வருஷமாக என் பொறுப்பு. பக்கத்து மைதானத்தில் பதினெட்டு இடத்துக்கு நாற்பது ஒன்பதாம் வகுப்புப் பொடிசுகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. யரே தண்ணீர் குடிக்க வந்தவன், பாட்டிலை வாயிலேயே வைத்துக்கொண்டு அங்கேயே பார்த்தான்.

"அந்த ஏழாம் நம்பரப் பாரு. பந்த நிறுத்தக்கூடத் தெரியல."

"நீ உன் வேலையப் பாரு."

"என் வேலை அங்கதான இருக்கு, அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. அதை மறைக்க, "போடா, பெரிய மனுஷன்," என்று விரட்டினேன்.

கடைசி ஆட்டத்தில் அவன் உயிரைக் கொடுத்து ஓடினான். இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோனதைப் பார்த்து, கோச் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மூன்றாவதாக வந்தவன் பிராடி. அவனும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆறடி உடம்பு, திரும்பினான், அவ்வளவுதான். அவன் முழங்கை என் தம்பியின் தாடையில் இறங்கியது.

ஐஸோடு ஓடினேன். யரே ரத்தத்தோடு என் உள்ளங்கையில் ஒரு பல்லைத் துப்பினான். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பால்பல். வேரே இல்லாமல், சோளமணி அளவில் இருந்தது.

கோச் மூச்சிரைக்க வந்தார். "பல்லா? காட்டு, காட்டு. முழுசா விழுந்திருந்தா பால்ல போட்டு டாக்டர்கிட்ட ஓடணும்."

நான் கையை மூடிக்கொண்டேன். "சின்னத் துண்டுதான், கோச். உடைஞ்சிருக்கு."

பதினாறு வயதுப் பையனுக்குப் பால்பல் விழாது. அது அவருக்குத் தெரியாதா?

சாயங்காலம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். பெயர் கூப்பிடுவதும் கோடு போடுவதும் என் வேலை. யரே கன்னம் வீங்கி வந்து நின்றான்.

"கால்ல வித்தை இருக்குப்பா உனக்கு. சும்மா சொல்லல," என்றார் கோச். "ஆனா பதினாறு ஆச்சு. இதுக்கு மேல எங்க வளரப்போற? பெரிய பசங்க மோதினா முறிஞ்சிடுவ. நீ மட்டும் ஒன்பதாவதா இருந்திருந்தா உன் பேரத்தான் முதல்ல எழுதியிருப்பேன்."

"எனக்குப் பதிமூணுதான்," என்றான் யரே.

என் கை பாவாடைப் பைக்குப் போனது.

"என்னப்பா சொல்ற?"

"பதிமூணு, கோச். சத்தியமா. அக்காவக் கேளுங்க. என் பல்லு அவகிட்டதான் இருக்கு, காட்டச் சொல்லுங்க."

கோச் என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. பல் என் பாவாடைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். பக்கத்து மைதானத்தில் அவனுக்கு இடம் இருந்தது, அவன் வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். நைரோபியில் ஒரு அறையில் அம்மா தன் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பதினாறு, கோச்," என்றேன். "இடம் கிடைக்கலங்கற கோவத்துல உளர்றான்."

கோச் முட்டாள் இல்லை. என் முகத்தையும், பையை அழுத்திப் பிடித்திருந்த என் கையையும் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். அவராலும் காகிதத்தைத் தாண்டி எதுவும் செய்யமுடியாது. "சரி. மன்னிச்சிடுப்பா, கூலேத்," என்றார். நான் பெயரின் மேல் கோடு போட்டேன்.

யரே கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். நம்பர் பனியனைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, என் கையில் கொடுத்தான். எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டான்.

"கூலேத்துக்கு இடம் இல்ல. சரி. யரேய எப்பக்கா கூப்பிடுவாங்க?"

கோச் அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.