வயிற்றுக்கு வைத்த பூசை

என் புருசன் சின்னப்பராஜ் எனக்காக மாதா கோயிலில் பூசை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியார் பீடத்திலிருந்தே வாசித்தாராம், "மிக்கேலம்மாளின் வயிற்று வலி நீங்க" என்று. ஊரே முழந்தாளிட்டு என் வயிற்றுக்காக வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வீட்டில் வாளியைக் கட்டிக்கொண்டு பச்சைப் பித்தமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கோளாறு வயிற்றில் இல்லை. வலது தொடை இடுக்கில் இருந்தது. வேண்டுதல்கூட விலாசம் மாறிப் போனால் எரிச்சல் வராதா?

அந்த வீக்கம் எனக்குப் புதிதில்லை. கடலைக்காட்டில் களை எடுக்கும்போது காலில் முள் ஏறிப் புண்ணானது. கொஞ்ச நாளில் இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. காலில் புண் வந்தால் இடுக்கில் நெறி கட்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "நெறிதான், தன்னால கரைஞ்சிரும்" என்றார் இவர். புண் ஆறிவிட்டது, நெறி கரையவில்லை. படுத்தால் உள்ளே போகும், புல்லுக்கட்டைத் தூக்கினால் வெளியே வரும். இப்படிப் போய்ப் போய் வருவது என்ன நெறி என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒருநாள் அது உள்ளே போகாமல் கல்லாக நின்றுகொண்டது. அன்றைக்குத்தான் வாந்தி ஆரம்பித்தது.

பாப்பாரப்பட்டியில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்கிறார், இவர் பதில் சொல்கிறார்.

"என்னம்மா பண்ணுது?"

"வயித்து வலிங்க. வாந்திங்க."

"வெளிக்குப் போவுதா?"

"போவுதுங்க."

என் வெளிக்கு இவர் சாட்சி! டாக்டர் சேலைக்கு மேலேயே வயிற்றை இரண்டு அழுத்து அழுத்திவிட்டு, "கேஸ் ட்ரபிள்தான்" என்று ஊசி போட்டு அனுப்பினார்.

வாந்தி நிற்கவில்லை. மறுநாள் தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். பாவாடை நாடா வரைக்கும் வழவழவென்று எதையோ தடவி உருட்டினார்கள். நாடாவுக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லை போலிருக்கிறது. வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நானே வாயைத் திறந்தேன்.

"தொடைகிட்ட ஒரு நெறி இருக்குதுங்க. அங்கதான் உசுரு போவுது."

இவர் இருமினார். எதற்கு இருமினார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கால்ல புண்ணு எதாச்சும் வந்துச்சா?"

"முள்ளு குத்துச்சுங்க."

"அப்ப நெறிதான். மாத்திரை எழுதறேன்."

படித்தவரும் படிக்காதவரும் ஒரே பேச்சைப் பேசினால் நான் யாரிடம் போவேன்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மருமகள் ஜெயராணி, நனைந்துபோன என் சேலையை மாற்றினாள். அப்போது அவள் கை அங்கே பட்டது. நான் போட்ட கூச்சலில் மாடு கயிற்றை அறுத்திருக்கும்.

"அத்தே, இது என்னாங்க இது? கல்லு மாதிரி இருக்குது!"

இவர் வாசலில் நின்று, சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்றார். ஜெயராணி அவரைக் கேட்கவே இல்லை. நூற்றியெட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

தர்மபுரி அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது காவியா என்று ஒரு லேடி டாக்டர். அந்தப் பெண் செய்த முதல் வேலை, "ஐயா, நீங்க வெளிய நில்லுங்க" என்றதுதான். திரையை இழுத்தாள். "சேலையத் தளத்திக்குங்கம்மா" என்றாள். குனிந்து பார்த்தாள், தொட்டாள். முகம் மாறிவிட்டது.

"இது நெறி இல்லம்மா. குடல் எறங்கியிருக்குது."

"அது ஆம்பளைங்களுக்கு வர்றதில்லையா?"

"ஆம்பளைங்களுக்குக் கொஞ்சம் மேல வரும். இடுக்கு மடிப்புக்குக் கீழ, இந்த எடத்துல வர்றது பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். ஓட்டை சின்னது, சீக்கிரம் இறுக்கிப் புடிச்சிக்கும். உங்களுக்குக் குடல் முழுசா மாட்டல, ஒரு பக்கத்துச் சுவரு மட்டும் மாட்டியிருக்கும்னு நெனைக்கறேன். அதனாலதான் நீங்க சொன்ன மாதிரி வெளிக்கும் போயிருக்குது. இதுக்கு முன்னாடி எத்தன டாக்டர் பாத்தாங்க?"

"ரெண்டு பேருங்க."

"ஒருத்தரும் பாக்கல," என்றாள். அவள் கோபத்தைப் பார்த்தபோதுதான் என் கோபம் நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. படுத்த இடத்தில் அழுதேன்.

அன்றைக்கே ஆபரேஷன். கறுத்துப்போன குடலை வெட்டி எடுத்துத் தைத்து, ஓட்டையையும் மூடினார்கள். இன்னும் ஒருநாள் போயிருந்தால் பூசைக்குப் பதில் இவர் எனக்கு அடக்கம்தான் வைத்திருப்பார்.

வார்டுக்கு ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக ஊர் வந்தது. இவர் எல்லாரிடமும் ஒரே பாட்டு, "வயித்துல சின்ன ஆபரேஷன்." என்னைக் கொல்லப் பார்த்த பேச்சையே என் தலைமாட்டில் நின்று சொல்கிறார்! மூன்றாவது வீட்டு சவேரியம்மா மட்டும் கட்டில் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "வயித்துல என்னம்மா பக்கம்?" என்று இவர் முடித்துவிட்டார். அவள் எழுந்து போய்விட்டாள்.

உடம்பு தேறியதும் நன்றிப் பூசை. சாமியார் மறுபடியும் வாசித்தார்: "மிக்கேலம்மாளின் வயிற்று அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு நன்றியாக." எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மன்றாட்டு நேரத்தில் எங்கள் வீட்டுக்காக ஜெயராணி மைக்குக்குப் போய் வேண்டுதல் சொல்ல வேண்டும். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் போனேன்.

"எனக்கு வந்தது வயித்து நோவு இல்லைங்க. தொடை இடுக்குல குடல் எறங்கி மாட்டிக்கிச்சு. பொம்பளைங்களுக்கும் வரும். நெறின்னு நெனச்சி அத சேலைக்குள்ள மறைச்சி வச்சிருக்கற பொம்பளைங்களுக்காக வேண்டிக்கறேன். டாக்டருங்க குனிஞ்சி பாக்கணும், புருசமாருங்க வாய மூடிக்கினு வெளிய நிக்கணும். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

ஒவ்வொரு மன்றாட்டுக்கும் கோயிலே சேர்ந்து பதில் சொல்லும். இதற்கு ஒரு சத்தமும் இல்லை. ஆண்கள் பக்கம் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவர் முகம் செத்துப்போயிருந்தது. சாமியாரும் விழித்தார். நான் மைக்கை விட்டு நகரவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

சவேரியம்மா. அவள் கை சேலைக் கொசுவத்தை இடுக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது.

என் இடத்துக்குப் போகாமல் நேராக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எத்தன நாளா?" என்றேன் காதோடு.

"ரெண்டு வருசமா, மிக்கேலு."

பூசை முடிந்து வாசலில் இவர் என்மேல் பாய்ந்தார். "மானத்த வாங்கிட்டியேடி!"

"நாளைக்குக் காலையில நானும் சவேரியம்மாவும் தர்மபுரி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றேன். "நீங்க மாட்டுக்குத் தீனி போட்டுட்டு வூட்டுலயே இருங்க."