அம்புக்குறிகள் நின்ற இடம்

வசந்தம் வந்தால் ஊருக்கெல்லாம் கவிதை வரும். எனக்குத் தும்மல் வரும். கூடவே இந்த நடைப்பயணமும் வந்து சேரும். எங்கள் சாரணியர் படையை நகரத்து நினைவுச்சின்னங்களைச் சுற்றி அழைத்துப்போவது என் தலையில் விழுந்த வேலை. பெரிய பெண்கள் இருவர் முன்னால் போய், திருப்பங்களில் சாக்பீஸால் அம்புக்குறி போடுவார்கள். சின்னவர்கள் அதைக் கண்டுபிடித்துப் பின்னால் வரவேண்டும்.

இந்த முறை முன்னால் போனவர்கள் என் மகளும் அவள் தோழி ஒல்லியும். மகள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

"இனிமே அப்பாகூடவே இருந்துக்கறேம்மா" என்றாள் நேற்று.

"நாளைக்கு நடை முடியட்டும். அப்புறம் பேசலாம்."

"நீ எப்பவும் அப்புறம்தான். போன வருஷமும் இதையேதான் சொன்ன."

நானும் அவள் அப்பாவும் பிரிந்தபின் அவர் குடிபோன வீடு, போர் நினைவுத்தூணுக்கு எதிர்ச்சந்தில் இருக்கிறது. பாதையை மாற்றியிருக்கலாம். மாற்றினால் பயந்துவிட்டேன் என்றாகிவிடுமே! வீம்புக்கு அப்படியே விட்டேன்.

வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவள் போல் நடந்தேன். நாடாளுமன்றப் படிகளில் பிள்ளைகளை உட்காரக்கூட விடவில்லை. குதிரைமேல் இருந்த தளபதியின் சிலையடியில் ஒரு வாண்டு நின்றுவிட்டது.

"மிஸ், இவரு யாரு?"

"பெரிய ஆளு. நட."

"என்ன பண்ணாரு?"

"சண்டை போட்டாரு. நடன்னு சொன்னேன்ல?"

ஒவ்வொரு முனையிலும் மகளின் அம்புக்குறியைப் பார்த்தால்தான் மூச்சு வந்தது. அதுவும் அடுத்த முனை வரைக்கும்தான். விடுதலை வளைவில் ஒன்று இருந்தது. அருங்காட்சியக மதிலோரம் ஒன்று. பிள்ளைகளுக்குக் கால் வலித்தது. எனக்கு அதைக் கேட்கப் பொறுமையில்லை.

நினைவுத்தூணருகே ஒல்லி மட்டும் நின்றிருந்தாள்.

"அவ எங்கடி?"

"அவங்க அப்பா வீட்டுக்குப் போயிட்டா மிஸ். சொல்லிப் பாத்தேன், கேக்கல."

கைப்பேசியில் அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது: இங்கே வந்துவிட்டாள், பத்திரமாக இருக்கிறாள்.

சந்து முனைக்கு ஓடினேன். தரையில் ஒரு வட்டம், நடுவில் புள்ளி. சாரணப் பாதையில் கடைசியாகப் போடும் குறி அது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று பொருள். நடை முடியும் எங்கள் படைக்கூடத்து வாசலில் போடவேண்டியது.

உள்ளே போய் அவளைத் தரதரவென்று இழுத்து வரலாமா என்றிருந்தது. அதற்குள் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெற்றவளுக்கு அழக்கூட அங்கே இடமில்லை.

வாண்டு குனிந்து பார்த்தது.

"மிஸ், அக்கா தப்பா போட்டுட்டாங்க. வீடு இங்க இல்லையே?"

அழிப்பதற்குக் காலைத் தூக்கியது. அதன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"அழிக்காதே," என்றேன். "சரியாத்தான் போட்டிருக்கா."