பெயர் வெட்டிய தூக்கு

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கச் சொன்னாள் அம்மா.

அவை எங்களுடையவை அல்ல. ஏப்ரலில் அண்ணன் பாஸ்கல் மஞ்சள் காமாலையில் இறந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தெருக்காரர்கள் கஞ்சியும் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கும் நிலையில் அம்மாவும் இல்லை, நானும் இல்லை. பிறகு நான்தான் அவற்றைக் கழுவி, எது யாருடையது என்று பார்க்காமல் பரணில் ஏற்றினேன். துக்க வீட்டில் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பது வில்லியனூர்ப் பக்கம் வழக்கமில்லை. யாரும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை. எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அதனால் தெரு மறுபடியும் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்தது. வாங்கி வைக்க வைக்க அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

"வருஷம் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் அவங்கவங்க வூட்ல குடுத்துட்டு வந்துடு," என்றாள். "இந்த வருஷத்துது ஒன்னும் இங்க தங்கக் கூடாது."

"வெறும் பாத்திரமாவா?"

"பின்ன? நம்ம வூட்ல இன்னா இருக்குது போட?"

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிறவள் இல்லை அம்மா. ஒரு பிடி அரிசியாவது, நாலு மிளகாயாவது போடாமல் எங்கள் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. வருடத்தின் கடைசி நாள் கோயிலில் நன்றிப் பூசை. அதற்குக் கூப்பிட வந்த பங்குச் சாமியாரிடம், "எதுக்குன்னு நன்றி சொல்லணும் சாமி?" என்று கேட்டிருந்தாள். அவர் அம்மாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். இப்போது பாத்திரங்கள். பூசையை விட்டது போலத் தெருவையும் விடப்போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு தூக்கை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டாள். எவர்சில்வர் தூக்கு. அதன் பக்கவாட்டில் 'அ. பாஸ்கல்' என்று பெயர் வெட்டியிருந்தது.

"இது நம்மளுது. எப்ப வாங்கனானோ. பேரெல்லாம் வெட்டி வச்சிருக்கான், ஒரு வார்த்த சொல்லல பாரு."

மில்லில் போனஸ் வந்தால் வீட்டுக்கு ஏதாவது வாங்கிவருவது அண்ணன் வழக்கம். நானும் நம்பினேன். அம்மா அதை முந்தானையால் துடைத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தாள்.

பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்து நான் வீட்டில் இருந்தேன். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. மற்றப் பாத்திரங்களிலும் பெயர் வெட்டியிருந்தது ஆறுதலாக இருந்தது. பெயரைப் பார்த்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம். முதலில் செல்லப்பன் பெயர் போட்ட குண்டானை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி காசம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி கிரேஸு இது?"

"உங்க குண்டான். பேரு இருக்குது."

"பேரு இருந்தா எங்களுதா? சாமிக்கண்ணு கல்யாணத்துக்கு நாங்க மொய்யா வச்சதுடி இது. வச்சவங்க பேரத்தான வெட்டுவாங்க. காலேஜில இன்னாதான் படிச்ச, செடி பேரு மட்டுமா?"

சிரித்தாள். உடனே, துக்க வீட்டுப் பெண் முன்னால் சிரித்துவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நானும் சிரித்திருந்தேன்.

சாமிக்கண்ணு வீட்டுக்குப் போகும் பாதி வழியில்தான் அது உறைத்தது. வைத்தவர் பெயரைத்தான் வெட்டுவார்கள். அப்படியானால் மாதா படத்தின் கீழே இருப்பது எங்கள் தூக்கு இல்லை, அண்ணன் யார் கல்யாணத்துக்கோ வைத்தது.

சாமிக்கண்ணு அண்ணனோடு மில்லில் வேலை செய்தவர். அவர் மனைவி அமுதம் தினமும் காலையில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவாள். முன்பெல்லாம் மூடி போட்ட தூக்கில் கொண்டுபோவாள். ஏப்ரலுக்குப் பிறகு பித்தளைச் சொம்பில், மேலே வாழை இலைத் துண்டு மூடி, தளும்பாமல் மெதுவாக நடந்துபோனாள். தினமும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை.

அமுதம் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். குண்டானை வாங்கிக்கொண்டாள். வேறு எதையும் கேட்கவில்லை.

"எங்க வூட்ல ஒரு தூக்கு இருக்குது. உங்களுதாக்கா?"

"எந்தத் தூக்கு?"

"அண்ணன் பேரு வெட்டினது."

அவள் வைக்கோலைக் கீழே போட்டாள். "எங்க கல்யாணத்துக்கு அண்ணன் வச்சது. அன்னிக்கிக் கஞ்சி ஊத்த வேற ஏனம் இல்லாம இல்ல. அண்ணன் வூட்டுக்கு அண்ணன் குடுத்ததுலயே கொண்டாரணும்னு தோணிச்சி, கொண்டாந்துட்டேன். அப்பறந்தான், பேரப் பாத்தா அம்மாவுக்கு எப்படி இருக்கும்னு திக்குனு ஆயிப்போச்சி."

"வந்து கேட்டிருக்கலாமே."

"உன் புள்ள பேர எங்கிட்டக் குடுன்னு எப்படிடி கேக்கறது? அம்மாகிட்டயே இருக்கட்டும். நீ ஒன்னும் சொல்லாத."

சொல்லாதே என்றாள். நான் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன்.

அம்மா தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெயரின் மேல் விரலை ஓட்டினாள். அடக்கம் முடிந்த அன்று அவள் வாயில் நான் ஊற்றிய கஞ்சி அந்தத் தூக்கிலிருந்துதான் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவளுக்கே ஞாபகம் வந்திருக்கும். மிச்சப் பாத்திரங்களைக் கொண்டுபோ என்று அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை.

வருடத்தின் கடைசி நாள் சாயங்காலம், நன்றிப் பூசைக்கு முதல் மணி அடித்தபோது அம்மா வேலியோரம் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். தூக்கு நிறையப் போட்டு மூடினாள்.

"குடும்மா, நான் குடுத்துட்டு வரேன்."

"நீ வேணாம். நான் போறேன்."

ஏப்ரலுக்குப் பிறகு அம்மா தெருவில் இறங்கியது அன்றுதான். நான் பின்னாலேயே போனேன். எங்களைப் பார்த்ததும் அமுதம் முதலில் என்னைத்தான் முறைத்தாள்.

"உன்னுதாமே. எங்களுதுன்னு நான் வச்சிக்கினேன்," என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எம்புள்ள உனக்குக் குடுத்தது. அத நான் வச்சிக்கினா அவன் குடுத்தது இல்லன்னு ஆயிடும்."

அமுதம் வாங்கிக்கொண்டாள். காயை முறத்தில் கொட்டிவிட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"பால அதுல எடுத்துக்குனு போ," என்றாள் அம்மா. "எங்க வூட்டு வழியாத்தான போற."

திரும்பும்போது கோயிலில் பாட்டு கேட்டது. அம்மா மதில் ஓரத்தில் நின்றாள். உள்ளே போகலாமா என்று கேட்டேன். "நீ போ," என்றாள். நானும் போகவில்லை. பாட்டு முடியும்வரை இருவரும் வெளியே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் காலை, அமுதம் வரும் நேரத்துக்கு அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். அமுதம் வந்தாள். நிற்கவில்லை. பெயர் எங்கள் பக்கம் தெரியும்படி தூக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

முனையில் அவள் திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் உலை வைத்தாள். அரிசியைக் களைந்துகொண்டே அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.